பாடி முடித்தவர்களை மலையேற விடுங்கள்

தமிழ்த் திரை இசையமைப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மேடைப் பாடகன். மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் 28 வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். பங்குனித் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். பாடுவதெல்லாம் நீங்களும் உங்களுக்கு முந்தியவர்களும் போட்ட பாட்டுதான். என் வீட்டு அரிசியும் பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பாட்டுகளிலிருந்து வந்தவை. அந்த நன்றியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். இறந்துபோன பாடகர்களின் குரலைக் கணினியில் உருவாக்கி, அவர்கள் பாடாத பாட்டை அவர்கள் பாடியதுபோல வெளியிடுகிறீர்கள். இதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

போன வருடம் தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் சரிபார்த்துவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. திடீரென்று மண்டப விளக்கை அணைத்தார்கள். எல்.இ.டி. திரையில் அவர் வந்து நின்றார். பட்டு வேட்டி, கும்பிட்ட கை, வாய் அசைகிறது. "என் தங்கமே, அப்பா எங்கேயும் போயிரல" என்றார். குரலும் அவருடையதுதான். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிவைத்திருந்த பேச்சுகளிலிருந்து எடுத்துச் செய்தார்களாம். மண்டபமே அழுதது. எங்கள் கீபோர்டு தம்பி அழுதான். நானும் அழுதேன்.

அப்புறம் திரையில் இருந்தவர் தன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "பிள்ளைகளை நல்லா பார்த்துக்கோ" என்றார். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவின் அழுகை அந்த இடத்தில் நின்றுபோனது. முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: "அவரு ஒருநாளும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையே. ஏ புள்ளன்னுதானே கூப்பிடுவாரு. இது யாரு?"

விளக்கு வந்தது. அடுத்து நாங்கள் அப்பா–மகள் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். எனக்குத் தொண்டை திறக்கவில்லை. இரண்டு சரணப் பாட்டை ஒரு சரணத்தோடு முடித்தோம்.

'இது யாரு?' என்ற அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் உங்கள் பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன்.

2024-இல் இவை வரிசையாக வந்தன. வருடத் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான், 'திமிரி எழுடா' பாட்டில் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் கொண்டுவந்தார். பம்பா பாக்கியா 2022 செப்டம்பரில் இறந்தவர். சாகுல் ஹமீது அதற்கும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்னால் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தவர். ஜூன் மாதம் 'கோட்' படத்தில், அந்த ஜனவரியில் இறந்த பவதாரிணியின் குரல் வந்தது. செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் மலேசியா வாசுதேவன். அவர் மறைந்தது 2011-இல்.

உங்களை யாரும் திருடர் என்று சொல்ல முடியாது. குடும்பங்களிடம் அனுமதி வாங்கினோம், உரிய பணமும் கொடுத்தோம் என்று ரகுமான் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். 'மனசிலாயோ'வில் மகன் யுகேந்திரனே அப்பாவோடு சேர்ந்து பாடியிருக்கிறார். அதே 2024-இல், தன் அப்பா எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி கேட்காமல் கணினியில் உருவாக்கிவிட்டார்கள் என்று எஸ்.பி.பி.சரண் ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டிவந்தது. அதோடு ஒப்பிட்டால் நீங்கள் நடந்துகொண்டது மரியாதையான நடப்புதான். என் மனக்குறை பணத்திலோ கையெழுத்திலோ இல்லை. பாட்டுக்குள் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்டிமென்ட் பாட்டைக் குறைத்துப் பேசுகிற ஆள் நான் கிடையாது. பாசமலரின் 'மலர்ந்தும் மலராத' பாட்டை எத்தனை காதுகுத்தில் பாடியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. 1961-இல் வந்த படம். 'பாசமலர்' என்ற பேரையே இன்று கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள். தங்கச்சியிடம் கொஞ்சம் பிரியமாகப் பேசினால், என்னடா பாசமலரா என்பார்கள். ரசனை உள்ளவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த மாதிரிப் பாட்டு வந்தால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய அந்த மெட்டு கீபோர்டில் தொடங்கினால், மாமன் முகம் மாறுவதை மேடையிலிருந்து நான் பார்க்கிறேன். பத்து வருடம் பேசாமல் இருந்த அண்ணனும் தங்கச்சியும் அந்தப் பாட்டுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீரை மலிவான கண்ணீர் என்று என் முன்னால் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்ய வைத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டு. அழுகை அதில் இரண்டாவது. பெருமிதத்தைவிட அது தாழ்ந்தது என்று தொல்காப்பியர் எங்கேயும் சொல்லவில்லை. அழுகை எதனால் வரும் என்றும் நாலு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நம் சினிமாப் பாட்டில் அழவைத்த பாட்டு எதை எடுத்தாலும் இந்த நாலில் ஒன்றுக்குள் வந்துவிடும். அவமானம், இழப்பு, தளர்ச்சி, இல்லாமை. இவையெல்லாம் மனிதனுக்கு நடப்பவை. ஆகவே பாட்டைக் கேட்டு அழுகிறவனுக்கு ரசனை இல்லை என்று நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அச்சத்துக்கும் நாலு காரணம் உண்டு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. காட்டு மிருகத்தைவிட, திருடனைவிட, அரசனைவிட, அணங்குதான் முதலில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பது. நம்முடையதுபோல இருந்தும் நம்முடையது ஆகாதது. கோயில் சிலையிலும் இருக்கும், சுனையிலும் இருக்கும், ஆளில்லாத வீட்டு முற்றத்திலும் இருக்கும். அந்த அம்மாவுக்குத் திரையைப் பார்த்ததும் கண்ணீர் நின்றதே, அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் இந்த அணங்குதான். இழவினால் வந்த அழுகை, அணங்கினால் வந்த அச்சத்தில் போய் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது, 'ஏ புள்ள' என்பது.

ஜப்பானில் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மசாஹிரோ மோரி என்ற ரோபோ பேராசிரியர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனைப் போலச் செய்யப்பட்ட பொருள் மனிதனை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பிரியம் கூடுமாம். மிக நெருக்கத்தில் வந்ததும் பிரியம் சட்டென்று பள்ளத்தில் விழுந்து அருவருப்பு ஆகிவிடுமாம். அதே ஜப்பானில் 2019-இல் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒரு காரியம் செய்தது. அந்த நாட்டு மக்கள் உயிராக நேசித்த பாடகி மிசோரா ஹிபாரி 1989-இல் இறந்தவர். அவர் குரலை உருவாக்கிப் புதுப் பாட்டுப் பாட வைத்தார்கள். வருடக் கடைசி நாள் நிகழ்ச்சியிலும் அதைக் காட்டினார்கள். பாட்டின் நடுவில் அந்தக் குரல், ரொம்ப நாளாயிற்று பார்த்து, உங்களையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்று பேசியது. ரசிகர்கள் விம்மி அழுதார்கள். தாட்சுரோ யாமாஷிதா என்ற பெரிய பாடகர் வானொலியில் ஒரே சொல்லில் அதை நிந்தனை என்றார். அழுதவர்களும் பொய் சொல்லவில்லை, யாமாஷிதாவும் பொய் சொல்லவில்லை. இதுதான் இந்த விஷயத்தில் என்னைத் தூங்கவிடாதது. ஒரே பாட்டுக்குள் இழவும் அணங்கும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

மக்கள் அழுதார்களே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அந்தக் கண்ணீர் புதுப் பாட்டு சம்பாதித்த கண்ணீர் இல்லையே. சாகுல் ஹமீதின் குரல் கேட்டதும் ஏன் நெஞ்சு அடைக்கிறது? 1993-இல் 'திருடா திருடா' படத்தில் அவர் 'ராசாத்தி' பாடியிருந்தார். வாத்தியமே இல்லாத பாட்டு. கூட்டுக் குரல்களுக்கு நடுவில் ஒரு மனுசன் தனியாக நின்று பாடுவார். என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் ஒரு டேப் ரிக்கார்டரில் அதைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் எங்களிடம் சேர்த்து வைத்துவிட்டுப் போன கண்ணீர் அது. அவர் போட்டுவைத்த பணத்தை அவர் கையெழுத்தைப் போலவே போட்டு எடுத்தால், வங்கியில் பணம் வந்துவிடும்தான். எடுத்தவர் அவர் ஆகிவிடுவாரா?

எங்கள் தொழிலே ஒருத்தரைப் போலப் பாடுவதுதானே என்று திருப்பிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் ஒருவர் டி.எம்.எஸ்., ஒருவர் எஸ்.பி.பி., நான் மலேசியா வாசுதேவன். நோட்டீஸிலேயே அப்படித்தான் போடுவார்கள். அந்த டி.எம்.எஸ்.ஸே தியாகராஜ பாகவதரைப் போலப் பாடித்தான் சினிமாவுக்குள் காலை வைத்தார். 1950-இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' பாட்டைக் கேட்டால் பாகவதர் சாயல் அப்படியே இருக்கும். ஆனால் அது சாயல். கேட்கிறவனுக்குத் தெரியும், இது வேறு ஆள், அவர்மேல் இருக்கிற ஆசையில் இப்படிப் பாடுகிறான் என்று. போகப் போக பாகவதர் கழன்று விழுந்து டி.எம்.எஸ். வெளியே வந்தார். மனுசன் மனுசனைப் போலப் பாடினால் எங்கேயாவது ஓரிடத்தில் தவறிப்போவான். தவறுகிற அந்த இடத்தில்தான் அவன் இருப்பான்.

திருவிழாவில் சீட்டு வரும். நூறு ரூபாய்த் தாளைக் குத்தி, 'பூங்காற்று திரும்புமா பாடவும்' என்று எழுதியிருப்பார்கள். 'முதல் மரியாதை', 1985. அப்போது மலேசியா வாசுதேவனுக்கு நாற்பதைச் சற்றே தாண்டிய வயது. ஆனால் சிவாஜிக்காகப் பாடிய அந்தக் குரலில் வாழ்ந்து களைத்த ஒரு கிழவனின் வெறுமை இருக்கும். தொண்டையில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக உரசிக்கொள்வதுபோல ஒரு கரகரப்பு. பதிலுக்கு ஜானகி அம்மா வரும்வரை அந்தக் குரல் தனியாகக் காத்துக்கொண்டிருக்கும். 28 வருடமாக அந்தக் கரகரப்பை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்காததால்தான் ஒவ்வொரு முறையும் முழுதாகப் பாடுகிறேன் என்று நினைக்கிறேன்.

'மனசிலாயோ' ஆட்டப் பாட்டு. நல்ல தாளம், நானும் மேடையில் பாடுகிறேன், கூட்டம் எழுந்து ஆடுகிறது. அதில் அந்தக் கரகரப்பு இருக்கிறது, உரசல் இல்லை. நிறம் மட்டும் வந்திருக்கிறது.

அது ஏன் அப்படி என்று நான் புரிந்துகொண்டது ஒரு ஸ்டுடியோவில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்திப் பாட்டுத் தொகுப்பு. இறந்துபோன ஒரு பெரிய பாடகரின் குரலில் வர வேண்டும். அவர் யார் என்பதையும் அந்த ஸ்டுடியோவின் பேரையும் இங்கே எழுதவில்லை. "அண்ணே, நீங்க அவர் பாவத்துலயே பாடிக் குடுத்துருங்க. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றார் அங்கே இருந்த இன்ஜினியர். எனக்கும் ஆசைதான். மூன்றாவது டேக் ஓகே ஆனது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார். ஹெட்போனை மாட்டிவிட்டார்.

நான் பாடிய பாட்டு அவர் குரலில் வந்தது.

எனக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது. அதனால் மேல் ஸ்தாயிக்குப் போகும் முன்னால், பல்லிடுக்கில் காற்றைச் சின்னதாக உறிஞ்சுகிற பழக்கம் உண்டு. என் மனைவி அடுப்படியில் இருந்துகொண்டே அதை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடிப்பாள். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவர் மூச்சு ஆற்றைப் போல நீண்டது. ஒரு சொல்லை நடுவில் முறிக்க மாட்டார். ஹெட்போனில் அவர் பாடிக்கொண்டே போனார். மேல் ஸ்தாயிக்கு முன்னால் சுர்ரென்று ஒரு உறிஞ்சல். அவர் தொண்டையில் என் இளைப்பு. கைமயிர் எழுந்து நின்றது. அவரைப் போல ஆகிவிட வேண்டும் என்று 28 வருடம் ஆசைப்பட்டவன் நான். அந்த ஆசை நிறைவேறிய நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

இந்தத் தொழில்நுட்பம் இன்று பெரும்பாலும் நடக்கும் விதம் இதுதான், உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். இயந்திரம் வெறுமையிலிருந்து பாடுவதில்லை. உயிரோடு இருக்கிற யாரோ ஒருவர் பாட வேண்டும். சுருதி, தாளம், கமகம், பாவம், மூச்சு, வாயைத் திறந்த விதம் எல்லாம் அவருடையவை. அதன்மேல் இறந்தவரின் குரல் நிறத்தை ஏற்றுகிறார்கள். அப்படியானால் பாடியவர் யார்? ஒரு பாட்டு என்பது ஒலிப்பதிவு அறையில் எடுக்கிற நூறு சின்ன முடிவு. இந்தச் சொல்லை அழுத்தலாமா, இங்கே சிரிக்கலாமா, இந்த வரி எனக்கு ஒப்பவில்லை என்று சொல்லிவிடலாமா. டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு ஒரு மாதிரியும் பாடியது அவர் எடுத்த முடிவு. இறந்தவர் எந்த முடிவையும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத ஒருவரை வாய் திறந்து பாட வைக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் வந்து பேசுவது புதிதும் இல்லை. குலசாமி கோயிலில் கோடாங்கி உடுக்கை அடிக்க, என்றைக்கோ செத்துப்போன ஒரு அப்பத்தா, இருக்கிற ஒரு பெண்ணின் மேல் வந்து இறங்குவாள். குரல் மாறும், நடை மாறும். கூடியிருக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "வந்திருக்கிறது யாரு?" பேரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. வந்தவள் கேட்டதைக் கொடுப்பார்கள், வெற்றிலையோ புடவையோ. குறி கேட்பார்கள், அழுவார்கள். அப்புறம் திருநீறு போட்டு, மலையேறு தாயே என்று அனுப்பிவைப்பார்கள். அவள் மலையேறியதும் அந்தப் பெண் துவண்டு விழுவாள். நாலு பேர் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அவள் யார் வீட்டு மருமகள் என்று எல்லாருக்கும் தெரியும். உடம்பைக் கொடுத்தவள் அவள்தானே.

கேள்வி கேட்டு வரவேற்கிறோம், ஒரு உயிருள்ள உடம்பு அதைத் தாங்குகிறது, முடிந்ததும் வழியனுப்புகிறோம். அணங்கோடு வாழப் பழகியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு இது. உங்கள் பாட்டில் வருகிற குரலை யாரும் 'யாரு' என்று கேட்பதில்லை. தாங்குகிற உடம்பு யாருடையது என்று சொல்வதில்லை. அது மலையேறுவதும் இல்லை. கோப்பில் இருக்கும், அடுத்த படத்துக்குத் தயாராக.

இதில் எனக்கு உண்மையிலேயே கை நடுங்குகிற இடம் ஒன்று உண்டு. பவதாரிணியின் பாட்டு. அதைப் பற்றி அவர் தம்பி, இசையமைப்பாளர் யுவன் சொன்னதைப் படித்தேன். பெங்களூரில் உட்கார்ந்து மெட்டுப் போடும்போதே இது அக்கா பாட வேண்டிய பாட்டு என்று அவருக்கும் இயக்குநர் வெங்கட் பிரபுவுக்கும் தோன்றியிருக்கிறது. உடம்பு தேறியதும் பாட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் அக்கா இல்லை என்ற செய்தி வந்துவிட்டது. 2024 ஜனவரி 25. அந்தத் தம்பியிடம் போய், செய்யாதே என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

ஆனாலும் சொல்கிறேன், யுவன் சார். 'பாரதி' படத்தில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடி தேசிய விருது வாங்கிய குரல் அது. குழந்தைக் குரலுக்கும் பெண் குரலுக்கும் நடுவில் யாருக்கும் வாய்க்காத ஓரிடத்தில் நின்று பாடுவார். அவரே பாடிய பாட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. அக்காவுக்காக வைத்திருந்த அந்த மெட்டை நீங்களே பாடியிருந்தால், அவர் பாட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், அது ஒப்பாரி ஆகியிருக்கும். ஒப்பாரியில் இருக்கிறவர்தான் பாடுவார். போனவரைக் கூப்பிடுவார், ஏசுவார், எழுந்து வரச் சொல்வார். எந்த ஒப்பாரியிலும் செத்தவர் பதில் சொல்லிக் கேட்டதில்லை. பதில் வராததால்தான் அடுத்த அடி பிறக்கிறது. என் அம்மா செத்தபோது என் சின்னம்மா விடிய விடிய அழுதது அப்படித்தான்.

கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் கடைசிப் பாட்டு என்று ஒன்று வந்ததே, அது வேறு கதை. அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனான் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோவோடு பாடி கேசட்டில் பதிந்துவைத்த பாட்டு அது. 1990-களில் மற்றவர்கள் அதை எடுத்து முடிக்கப் பார்த்து, ஒலி சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு இயந்திரத்தை வைத்துக் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தப் பாட்டில் அவர் விட்ட மூச்சு அவருடையது, அவர் எடுத்த முடிவு அவருடையது. தூசியைத் துடைத்தார்கள், அவ்வளவுதான். நம் பழைய பாட்டுகள் எத்தனை இரைச்சலுக்கு அடியில் கிடக்கின்றன! பதிவாகி வெளிவராமல் போனவை உங்கள் அலமாரிகளில் இருந்தால் எடுத்துத் துடைத்துக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்க முதல் ஆளாக நான் வருகிறேன்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. உயிரோடு இருக்கிற இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைக் கணினியில் போலச் செய்வதற்கு எதிராக 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது. இறந்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆளுமை உரிமை, அதாவது தன் பேர், முகம், குரல் மேல் ஒருவருக்கு இருக்கிற உரிமை, ஆளோடு முடிந்துவிடும், வாரிசுக்கு இறங்காது என்று மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. அதனால் இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போதே சரி என்று சொன்ன பாடகர் தவிர வேறு யாரையும் இறந்த பிறகு புதுச் சொல் பாட வைக்க வேண்டாம். குடும்பம் சரி சொன்னாலும் வேண்டாம், குரல் குடும்பச் சொத்து என்றாலும் அதில் பாடுகிற முடிவு அவருடையது. இப்போது உயிரோடு இருக்கிற பாடகர்களிடம் ஒப்பந்தம் போடும்போதே இதைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். உங்கள் சங்கத்தில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்கு முன்னால், இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு ஸ்டுடியோ வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு அடுத்துப் பாட ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரி முடித்து ஒரு வருடம் இருக்கும். தோளில் பை, கையில் பாட்டுத் தாள், தாளில் ஸ்வரம் எழுதி வைத்திருந்தாள். அவளும் இறந்துபோன ஒரு பாடகிக்காகப் பாட வந்தவள்தான். உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, அவள் பாடியது வெளியே கேட்டது. நல்ல குரல். அனுபல்லவியில் ஒரு இடத்தில், சொல்லிக்கொடுத்த மெட்டிலிருந்து கொஞ்சம் விலகி, தானாக ஒரு வளைவு போட்டாள். அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது அந்தப் பாட்டு வெளிவந்துவிட்டது. அந்த வளைவு அப்படியே இருக்கிறது, போனவரின் குரலில். பாடியவர் என்ற இடத்தில் போனவரின் பேர் மட்டும் இருக்கிறது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, இதுல என் பேரு வருமா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மெல்லிசை மேடைப் பாடகன்